பாரிஸில் அரிவரி

ஓர் ஊரின் பெயரைச் சொல்லத் தெரியாமையால் அவ்வூருக்குப் போகாமலே திரும்பிய அநுபவம் வாசகர்களில் எத்தனை பேருக்கு உண்டோ அறியேன். எனக்கு உண்டு. ஓர் ஆவணி விடுமுறையில், பாரிஸ் மாநகரின் வடக்குப் புகையிரத நிலையத்தில், பிரயாணச்சீட்டு வழங்கும் கருமபீடத்தின் முன்னால் அது நிகழ்ந்தது.

நான் போக விரும்பிய ஊர் பாரிஸுக்கு வடகிழக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. அதன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தால் 'வில்லர்ஸ் கொட்டெரெட்ஸ்' என்று வரும். அப்படியே சொன்னேன். கருமபீடத்துக்கு அப்பால் இருந்த மாது புருவத்தை உயர்த்தினார். மறுபடியும் சொன்னேன். வகுப்பிலே சொல்வதெழுதல் சொல்பவனைப் போல ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவருக்கு விளங்காமற் போயிற்று. என் பின்னால் வரிசை நீண்டது. அவர் இரக்கத்தோடு ஆங்கிலத்துக்கு மாறினார். மாறி என்ன பயன்? எந்த மொழியில் உரையாடினாலும் ஊரின் பெயர் ஊரின் பெயர்தானே!

பக்கத்திலே சீட்டு விற்கும் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. எழுத்துக்களை விரலாற் தொட்டால் ஊர் தானே வந்து நிற்கும். உச்சரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தாலும் காரியம் முடிந்திருக்கும். ஆயினும், இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ழகர ளகர வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கி வருகிறவனுக்கு, ஓர் ஊரின் பெயரை வாயாற் சொல்லிச் சீட்டு வாங்க முடியவில்லையே என்ற ரோஷம் வந்துவிட்டது. சீட்டு வாங்காமலே வெளியே வந்தேன்.

புறப்படுவதற்கு முன் ஆறு மாத காலம் பிரெஞ்சு மொழியை வீட்டில் இருந்து படித்திருந்தேன். வினைச்சொற்களின் திரிபுகளை மனனஞ் செய்திருந்தேன். பத்திரிகைத் தலைப்புக்களைப் பாதிக்குமேல் விளங்கிக்கொள்ளவும் பழகியிருந்தேன். ஆங்கிலம் அறிந்தவனுக்குப் பிரெஞ்சை வாசிப்பது அத்துணைக் கடினமன்று. இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஆனால் கண்ணுக்கு எளிதாகத் தோன்றிய அம்மொழி, விமானத்தால் இறங்கிய கணத்திலே காதுக்கு வேறொரு மொழியாயிற்று. புத்தகத்தில் இடைவெளி விட்டுத் தனித்தனியே நின்ற சொற்கள் யாவும் மனிதர் வாயில் ஒன்றோடொன்று கைகோத்து ஓடின. எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று பிடிபடவில்லை.

எனக்கு முதற் பள்ளிக்கூடமாக வாய்த்தது மெத்ரோ எனப்படும் நிலத்தடிப் புகையிரதம். 1900ஆம் ஆண்டிலே ஓடத் தொடங்கிய இந்த மெத்ரோவில், வண்டி நிலையத்தை நெருங்கும்போது அதன் பெயரை ஒலிபெருக்கியில் இருமுறை சொல்லுகிறார்கள். முதன்முறை வினாவுவது போலக் குரல் உயரும். இரண்டாம் முறை விடை கூறுவது போலத் தாழும். அக்குரல் ஓய்வதற்குள் வண்டி நிலையத்துட் புகும். சுவரிலே நீலப் பலகையில் அதே பெயர் வெள்ளை எழுத்தில் தோன்றும். முதலிற் காதுக்கு, பிறகு கண்ணுக்கு! இதைவிடச் சிறந்த போதனாமுறையை நமது ஆசிரிய கலாசாலைகளிலும் நான் கண்டதில்லை. நாலாம் இலக்க வழியில் நாலைந்து நாட்கள் வேறு அலுவல் ஒன்றுமின்றி வடக்கும் தெற்குமாகப் போய்வந்தேன். அருகில் இருந்தவர்கள் என் உதட்டசைவைக் கண்டு நான் ஏதோ ஜபம் பண்ணுவதாக நினைத்திருக்கக்கூடும்.

அவ்வழியிலே 'ஷாத்தோ தோ' என்றொரு நிலையம் உண்டு. நீர்த்தாங்கி என்பது பொருள். அதிலே நீரைக் குறிக்கும் சொல்லை ஈ, ஏ, யூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களால் எழுதுகிறார்கள். மூன்றும் உயிரெழுத்துக்கள்; மூன்றில் ஒன்றேனும் 'ஓ' அன்று; சேர்த்து உச்சரித்தால் வருவதோ 'ஓ'! பலகையை அண்ணாந்து பார்த்தபடி சிறிது நேரம் மேடையில் நின்றேன்.

பிரெஞ்சு எழுத்துக்கள் பல, வேலை செய்யாமற் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தரைப் போலவே நமக்குத் தோன்றும். இது அநியாயமான எண்ணம் என்பது பின்னர்தான் எனக்குப் புலப்பட்டது. அவையெல்லாம் ஒருகாலத்தில் உழைத்தவை. இப்பொழுது ஓய்வூதியம் பெறுகின்றன. பழைய நாளில் மக்கள் அவ்வெழுத்துக்களை ஒலித்தார்கள். நாளடைவில் வாய் அவற்றைக் கைவிட்டது. எழுதுவோரும் அச்சிடுவோரும் கைவிடவில்லை. 1635இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சுக் கல்விக்கழகம் தன் அகராதியின் மூன்றாம் பதிப்பை 1740இல் வெளியிட்டபோது, ஒலியாத ஸகரங்கள் பலவற்றை நீக்கியது. நீக்கிய இடங்கள் பலவற்றில் உயிரெழுத்தின் தலைமேல் ஒரு சிறு கூரையை வைத்தது. ஆங்கிலத்தில் 'ஹொஸ்பிற்றல்' என்பது பிரெஞ்சிலே 'ஓப்பித்தால்'. 'ஃபொரெஸ்ட்' என்பது 'ஃபொரே'. போன ஸகரத்தின் நினைவுக்கல்லாக அக்கூரை நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் புதைத்துவிட்ட அந்த ஸகரம் நம்மூர் ஆஸ்பத்திரியில் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதை நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் தங்கியிருந்தது அக்காவின் வீட்டில். பாரிஸுக்கு வடக்கே, நம்மவர் பலர் வாழும் லா கூர்நேவ் என்னும் புறநகரில், அடுக்குமாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் அவ்வீடு உள்ளது. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றவர் அக்கா. அவருடைய ஒரே மகள் பாரிஸிலே பிறந்தவள், பதினேழு வயது. சீட்டு வாங்காமல் நான் திரும்பிய அன்று மாலையே மருமகள் எனக்குக் குருவானாள். சமையலறை மேசை வகுப்பறையாயிற்று.

முதல் நாட் பரிசோதனையில் எனக்கு எதிர்பாராத புள்ளிகள் சில கிடைத்தன. "மாமா, உங்கடை ப, த, க மூன்றும் நல்லாயிருக்கு. இங்கிலாந்துக்காரருக்கு அது வராது" என்றாள். உண்மைதான். ஆங்கிலேயர் 'பாரிஸ்' என்னும்போது பகரத்தோடு ஒரு காற்றும் சேர்ந்து வெளிப்படும். மெழுகுதிரியை முன்னால் வைத்தால் சுடர் அசையும். பிரெஞ்சில் அந்தக் காற்று இல்லை, தமிழிலும் இல்லை. ஆங்கிலப் பாடத்தில் எத்தனையோ ஆண்டுகள் குறையென்று திருத்தப்பட்ட ஒன்று இங்கே நிறைவாயிற்று!

மூக்கொலியில் அந்தப் பெருமை கரைந்தது. நாம் இலங்கையில் உண்ணும் பாணும் பிரெஞ்சுக்காரர் உண்ணும் பாணும் உறவுச் சொற்கள். நம்முடையது போர்த்துக்கேயர் தந்தது. இரண்டும் ஒரே இலத்தீன் மூலத்தில் இருந்து பிறந்தவை. அந்த உறவை நம்பி, தெருமுனைக் கடையில் நம்மூர்ப் 'பாண்' என்பதையே சிறிது மாற்றிச் சொன்னேன். கடைக்காரர் கையை விரித்தார். 'பே' என்று தொடங்கி, மகரத்தையும் னகரத்தையும் நாவால் முடிக்காமல், உயிரையே மூக்கின் வழியாக விட்டுவிட வேண்டுமாம். தமிழ்நாட்டார் பேச்சில் 'வந்தான்' என்பதன் இறுதி எப்படித் தேய்ந்து மூக்கில் மறைகிறதோ அப்படி. யாழ்ப்பாணத்தவராகிய நாமோ அந்த னகரத்தை ஆணி அடித்தாற்போல முடிப்பவர்கள்! போதாக்குறைக்கு, முதலெழுத்துச் சற்றே கனத்துவிட்டாற் பாண் போய்க் குளிப்பு என்ற பொருள் வந்துவிடுகிறது. கடைக்காரரிடம் நான் எதைக் கேட்டேன் என்பது அவருக்கே வெளிச்சம்.

ரகரத்தைப் பற்றி அதிகஞ் சொல்லப் போவதில்லை. நன்னூலார் ரகரத்தையும் ழகரத்தையும் நாவின் நுனி அண்ணத்தை வருடப் பிறப்பனவாகச் சேர்த்துக் கூறினார். பாரிஸ்காரருடைய ரகரம் அடிநாவில், தொண்டைக்கு அருகே பிறக்கிறது. முன்பு அவர்களும் நுனிநாவினால்தான் ஒலித்தார்கள். தலைநகரின் புதுவழக்கம் பரவியபோது பழைய ரகரம் கிராமங்களுக்குப் பின்வாங்கிற்று. "வாய் கொப்பளிக்கிற மாதிரி, ஆனால் தண்ணியில்லாமல்" என்பது மருமகளின் விளக்கம். கொப்பளித்தேன். அக்கா அடுப்படியில் இருந்து சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

எனக்கு உள்ளபடி மகிழ்ச்சி தந்தது புணர்ச்சிதான். பிரெஞ்சிலும் புணரியல் உண்டு! நண்பர்கள் என்பதற்கு முன் வரும் 'லே' என்னும் சுட்டின் ஈற்றில் ஒலியாத ஸகரம் ஒன்று கிடக்கிறது. அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் அது கிடந்தபடியே கிடக்கும். உயிரில் தொடங்கினால், வண்டு இரைவது போன்ற ஒலியோடு எழுந்து 'லேஸாமி' என்று சேரும். உயிர் வந்து சேர மெய் எழுந்து நடக்கிறது! நமது உடம்படுமெய் இரண்டு உயிர்களுக்கு நடுவே புதிதாகத் தோன்றுவது. இவர்களுடையதோ பெரும்பாலும் உறங்கிக் கிடந்து விழித்துக்கொள்வது. சில சொற்களின் முன் அது விழிக்கவே கூடாது என்ற விலக்கும் உண்டு. வீரர்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்த ஸகரத்தை எழுப்பிவிட்டால் அவர்கள் பூச்சியங்கள் ஆகிவிடுவார்கள். குற்றியலுகரம் போன்ற ஒன்றுங்கூட அங்கே இருக்கிறது. வீடு, இல்லை என்பன சேர்ந்து 'வீடில்லை' ஆகும்போது உகரம் ஓடிவிடுகிறதல்லவா? அவ்வாறே அவர்களுடைய குற்றெகரமும் உயிர் வந்தால் ஓடிவிடும். பேச்சில் பல இடங்களில் விழுங்கப்படும் அது, பழைய முறையில் செய்யுள் சொல்லும்போது மெய்க்கு முன்னால் ஓரசையாக எண்ணப்படுகிறது. இதையெல்லாம் மருமகளுக்கு விளக்கினேன். பிறந்தது முதல் பேசிவரும் மொழியில் இப்படியொரு சட்டம் இருப்பதை அவள் என் வாயிலாக அறிந்து வியந்தாள். ஆசிரியனுக்கு அன்றிரவு நல்ல நித்திரை.

ஆனால் ஓர் உயிரொலி மட்டும் பிடிகொடாமல் நின்றது. 'யூ' என்னும் எழுத்துத் தனியே நின்றால் எழும் ஒலி அது. நமக்கு அது ஊகாரமாகவே கேட்கிறது. அவர்களுக்கோ ஊகாரம் வேறு, இது வேறு. தெரு என்னும் சொல்லையும் சில்லு என்னும் சொல்லையும் இவ்வொலியே பிரிக்கிறது. 'மேலே' என்பதையும் 'கீழே' என்பதையும் பிரிப்பதும் இதுவே. மருமகள் நூறு முறை சொல்லிக்காட்டினாள். "இப்பிடித்தான் மாமா, இப்பிடி" என்பதற்கு மேல் அவளால் ஒன்றும் விளக்க முடியவில்லை. தாய்மொழியாகப் பேசுகிறவர்களின் சங்கடம் இதுதான். நடக்கத் தெரிந்தவனுக்கு எந்தத் தசை அசைகிறதென்று தெரிவதில்லை.

நாங்கள் இருவரும் இப்படி ஊளையிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா ஒரு சொல்லும் பேசாமல் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றேன். "எனக்கு வேண்டாம் தம்பி" என்றார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்றிரவு அவள் உறங்கிய பிறகு அக்கா அந்தக் கதையைச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் சமையலறைக் கூரையில் இருந்து தண்ணீர் ஒழுகியது. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. குழாய் திருத்துபவருக்குத் தொலைபேசியில் அறிவித்தார். மேல் வீட்டில் இருந்து தண்ணீர் வருகிறதென்று சொன்னார். அவர் வந்து கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே ஒன்றுமில்லையென்று கண்டு, பொய்யாக அழைத்ததாகக் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அக்காவின் வாயில் வந்தது 'மேலே' தான்; அவர் காதில் விழுந்தது 'கீழே'. மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளியால் வந்து, தொலைபேசியை எடுத்து, ஒரே வசனத்தில் காரியத்தை முடித்தாளாம்.

"அண்டையில் இருந்து எனக்கு வாய் அவள்தான். டொக்டரிட்டையும் அவள், கந்தோரிலையும் அவள். எனக்கு என்ன வருத்தமெண்டு டொக்டருக்குச் சொல்லுறதுக்கு முதல் பிள்ளைக்குச் சொல்ல வேணும். ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடாத வருத்தங்களும் இருக்குத்தானே, தம்பி."

பிரெஞ்சுக் குடியுரிமை கோருவோர் மொழியறிவுக்குச் சான்று காட்ட வேண்டும். அதிலே வாய்மொழிப் பரீட்சையும் உண்டு. அக்கா ஒருமுறை எழுதி, எழுத்தில் நன்றாகச் செய்து, பரிசோதகரின் முன்னால் நாவெழாமல் திரும்பியவர். இரண்டாம் முறைக்கான திகதி நான் ஊர் திரும்பி இரண்டு கிழமைக்குப் பின் வருகிறதென்று அப்போதுதான் அறிந்தேன். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் திருப்புகழ் ஒப்புவித்தற் போட்டியில் மூன்று ஆண்டுகள் முதற் பரிசு பெற்றவர் என் அக்கா. அந்தச் சந்தங்களிற் புரண்ட நாக்கு அது.

எனக்கு அன்று நித்திரை வரவில்லை. என் வகுப்பில் இருந்த ஒரு பையனின் நினைவு வந்தது. ளகரத்தைத் தவிர வேறொன்றும் அவன் வாயில் வராது. வாழையும் வாளையாகவே வரும். வாழைப்பழம் என்ற சொல்லை வகுப்பு முழுவதும் சிரிக்கும் வரை அவனைக் கொண்டு திருப்பித் திருப்பிச் சொல்வித்தேன். நல்ல நோக்கத்தோடுதான் செய்தேன். அதன் பின் அவன் வாய்விட்டு வாசிக்க எழுந்ததே இல்லை. கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் தெரியாதென்று நிற்பான். பிரித்தானி நாட்டுப் பள்ளிக்கூடங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பிரெஞ்சைவிட்டுத் தம் பிரித்தோன் மொழியைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரச்செருப்பு முதலிய ஒன்றைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இருந்ததென்று படித்திருக்கிறேன். படித்தபோது கொடுமையென்று வெகுண்டேன். என் கையில் மரச்செருப்பு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாட் காலை, மருமகள் வெளியே போன பிறகு, அக்காவும் நானும் மேசையில் எதிரெதிரே இருந்தோம். "அக்கா, பிரெஞ்சை மறவுங்கோ. நன்னூல் படிப்பம்" என்றேன். ஈகாரத்துக்கு வாயைத் திறந்து நாவின் விளிம்பு மேற்பல்லைச் சேரவேண்டும். ஊகாரத்துக்கு இதழ் குவிய வேண்டும். எழுத்தியலில் இவ்விரண்டும் அடுத்தடுத்த இரு சூத்திரங்கள். நமது மொழியில் ஒன்றுக்கு நாவும் மற்றதற்கு இதழும் சிறப்பாகத் தொழிற்படுகின்றன. பிரெஞ்சுக்காரர் செய்திருப்பதெல்லாம் இரண்டு சூத்திரத்தையும் ஒரே வாயில் சேர்த்ததுதான். "ஈ எண்டு இழுங்கோ. நாக்கை அசையாமல் அப்பிடியே வையுங்கோ. இப்ப இதழை மட்டும் ஊவுக்குக் குவியுங்கோ."

அக்கா ஈ என்று இழுத்தார். இதழைக் குவித்தார். நான் மூன்று கிழமையாக எட்ட முடியாமலிருந்த அந்த ஒலி, சமையலறை நடுவே சுத்தமாக எழுந்தது. அவரே திடுக்கிட்டுப் போனார். மறுபடி செய்தார். பிறகு 'மேலே' என்றார், 'கீழே' என்றார், கூரையையும் நிலத்தையும் காட்டிக் காட்டிச் சொன்னார். பிற்பகலில் மகள் வந்ததும் ஒன்றுமறியாதவர் போலக் கூரையைக் காட்டி அந்தச் சொல்லைச் சொன்னார். அவள் கையிலிருந்த பையை நிலத்தில் வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள். எனக்கு அந்த ஒலி அன்றும் வரவில்லை. இன்றும் பத்துக்கு ஆறுமுறைதான் வருகிறது.

அந்த வாரக் கடைசியிலேயே அக்காவும் நானும் மீண்டும் வடக்கு நிலையத்துக்குப் போனோம். கருமபீடத்தில் வேறொருவர் இருந்தார். நான் பின்னால் நின்றுகொண்டேன். "விலேர்-கோத்ரே, இரண்டு பேர், போய்வர" என்று அக்கா கேட்டார். சீட்டு வந்தது. விலையை அவர் சொன்னதும் அக்கா எண்ணிக் கொடுத்தார். அது சிறிய வித்தையன்று. எழுபதை அறுபதும் பத்தும் என்றும், தொண்ணூற்றேழை நாலிருபதும் பத்தும் ஏழும் என்றும் எண்ணுகிற ஜாதியார் அவர்கள். பெல்ஜியத்திலும் சுவிற்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுவோர் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நேரான சொற்களை வைத்திருக்கிறார்கள். ஒன்பது பத்தைத் தொண்ணூறு என்னும் நாம் இதைப் பற்றி அதிகம் பேசாதிருப்பது நல்லது.

ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணம். கடைசியில் பெருங்காடு ஒன்று சூழ்ந்துகொள்கிறது. பழைய அரசர்கள் வேட்டையாடிய காடு. ஊர் சிறியது. அலெக்சாந்தர் தூமா 1802இல் பிறந்தது இங்கேதான். நம்மவர் அவரை டூமாஸ் என்பார்கள். அந்த ஸகரமும் ஓய்வூதியக்காரனே. அவருடைய தந்தையார், இன்று ஹெயிட்டி எனப்படும் தீவுநாட்டில் அடிமைத் தாய் ஒருத்தியின் வயிற்றிற் பிறந்து, பிரெஞ்சுச் சேனையில் தளபதியாகி, 1806இல் இவ்வூரிலே இறந்தவர்.

ஊரின் நடுவே முதலாம் பிரான்சுவா மன்னன் கட்டுவித்த மாளிகை நிற்கிறது. 1539 ஆவணியில் இவ்வூரிலிருந்துதான் அம்மன்னன் 192 பிரிவுகள் கொண்ட கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தான். நீதிமன்றங்களின் தீர்ப்புக்களும் பத்திரங்களும் இனி இலத்தீனில் அன்றிப் பிரெஞ்சுத் தாய்மொழியிலேயே இருக்கவேண்டுமென்பது அதில் 111ஆம் பிரிவு. வழக்காடுவோர் தீர்ப்பை விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆனால் தாய்மொழி என்றது யாருடைய தாய்மொழியை? அறிஞர் இன்றும் வாதிடுகிறார்கள். ஏனெனில் நாட்டில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது வேறு வேறு மொழிகள். புரட்சிக் காலத்தில், 1794இல், கிரெகுவார் என்னும் பாதிரியார் சபையில் வாசித்த அறிக்கையில், குறைந்தது 60 இலட்சம் பிரெஞ்சுக்காரருக்குத் தேசிய மொழி தெரியாது என்று கூறினார். இன்று நம் அக்காமாரின் உச்சரிப்பைக் கேட்டு முகஞ்சுளிக்கும் பாரிஸ்வாசிகள் சிலரின் பாட்டனார்களும் அந்தக் கணக்கில் அடங்கியவர்களாக இருக்கலாம்.

மாளிகையின் பிற்காலக் கதை சுவையானது. 1808இல் அது பிச்சைக்காரரை அடைக்கும் இடமாயிற்று; பின் முதியோர் இல்லமாகி 2014 வரை இருந்தது. பழுது பார்க்கப்பட்டு, 2023இல் பிரெஞ்சு மொழிக்கென்றே ஒரு காட்சியகமாகத் திறக்கப்பட்டது. உள்முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை வேய்ந்து, அதிலிருந்து சொற்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அண்ணாந்து பார்த்தால் ஆகாயத்தில் எழுத்துக்கள் மிதப்பது போலிருக்கும். உள்ளே, உலகின் பல பாகங்களில் பேசப்படும் பிரெஞ்சைச் செவியாரக் கேட்கலாம். ஆபிரிக்காவில் ஒருவிதம், கனடாவில் ஒருவிதம். அக்கா ஓரிடத்தில் நெடுநேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இவையெல்லாம் ஒவ்வொரு மாதிரியல்லோ கதைக்கினம்" என்றார்.

முற்றத்துக்குத் திரும்பி வந்ததும் தலைக்குமேல் தொங்கிய சொற்களை ஒவ்வொன்றாகச் சத்தமிட்டு வாசிக்கத் தொடங்கினார். பக்கத்தில் பேரக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி ஒரு சொல்லைக் காட்டி ஏதோ கேட்டார். அக்கா பதில் சொன்னார். கிழவி மேலும் கேட்டார். இருவரும் வாங்கில் இருந்து கால்மணி நேரம் பேசினார்கள். எனக்கு இடையிடையே 'யாழ்ப்பாணம்' என்ற சொல் மட்டுமே விளங்கிற்று. அந்தக் கிழவியின் வாயில் அதிலிருந்த ழகரம் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. அக்கா பொறுமையாக நாவை மடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வண்டியில் நான் ஊரின் பெயரை இன்னொருமுறை சொல்லிப் பார்த்தேன். "தம்பி, கடைசியிலை இன்னும் ஒரு ஸ் வருகுது" என்றார் அக்கா.

நான் ஊர் வந்து சேர்ந்து இரண்டு கிழமைக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார். பரீட்சையில் வீட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்களாம். குழாய்க்காரரின் கதையைச் சொன்னாராம். பரிசோதகர் சிரித்துவிட்டாராம்.

"மேலே எண்டதையோ கீழே எண்டதையோ சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"இரண்டையும் சொன்னன்" என்றார்.

பெறுபேறு இன்னும் வரவில்லை.